விட்டுப்போன ஐந்தாவது வகை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் நலம். போன மாதம் போனில், "உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா, விடு" என்று சொல்லிப் பாதியில் வைத்தாயே, அதிலிருந்து உன்னோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

நீ அனுப்பிய உடன்படிக்கை வந்தது. பதினோரு பக்கம். "பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, படிக்க வேண்டாம்" என்று மேலே ஒரு ஒட்டுச்சீட்டு வேறு. நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் படிக்காத காகிதத்தில் இதுவரை என் பெயரைப் போட்டதில்லை. கல்யாணப் பதிவேட்டிலேயே, பின்னால் நின்றவர்கள் முனகும்வரை படித்துவிட்டுத்தான் போட்டேன். அதனால் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தினம் மூன்று பக்கம் என்று அகராதியோடு உட்கார்ந்தேன். "என்ன, வேதத்த மாத்திட்டியா?" என்றார் உன் அத்தான். "இதுலயும் செய்யாதே, செய்யாதேன்னுதான் இருக்கு" என்றேன்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. உன் முதலீட்டுக் கம்பெனி வேறு சில கம்பெனிகளை ரகசியமாக விலைபேசும். எவை என்ற பட்டியல் உங்கள் அலமாரியில் பூட்டியிருக்கும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களும் அவர்களுடைய கூடப்பிறந்தவர்களும், 'தடைப் பத்திரம்' என்று நீங்கள் வரையறுத்த எதையும், எந்தக் கம்பெனியுடையது ஆனாலும், இந்த விதிகளை எழுதும் உன் பிரிவில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்காமல் வாங்கவோ விற்கவோ மாற்றவோ கூடாது. சரிதானே?

இப்போது என் சந்தேகம். தடைப் பத்திரம் என்றால் என்னென்ன என்று எண் போட்டு எழுதியிருக்கிறாய். ஒன்று, பங்குகள். இரண்டு, முன்னுரிமைப் பங்குகள். மூன்று, பங்கு வாங்கும் உரிமைச் சீட்டுகள். நான்கு, பின்னொரு தேதிக்கு விலைபேசும் ஒப்பந்தங்கள். அடுத்து ஆறு. ஐந்தைக் காணோம். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை.

அப்பா நம் இருவர் பெயரிலும் வாங்கி வைத்துவிட்டுப் போன கேபிள் கம்பெனிக் கடன் பத்திரம் இருக்கிறதல்லவா, அது இதில் எதில் சேரும்? இன்று அது கடன் பத்திரம். நாம் சரி என்றால் நாளைக்குப் பங்கு. கோழியைத் தொடாதே என்று எழுதிவிட்டு முட்டையை விட்டுவிட்டாய். "குறை கண்டால் மார்ச் 12-ஆம் தேதிக் குழுக் கூட்டத்துக்குள் தெரிவிக்கவும்" என்று அடியில் இருப்பதால் தெரிவிக்கிறேன். மறந்திருந்தால் சேர்த்துவிடு.

கேபிள் கம்பெனியிலிருந்து படிவமும் வந்திருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பணமா, பங்கா என்று டிக் போட வேண்டும். இருவரில் ஒருவர் கையெழுத்துப் போதுமாம். என் கடைவாய்ப் பல்லுக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன். இரண்டு வருஷமாக ஒரே பக்கம் மென்று அந்தக் கன்னம் மட்டும் கொழுத்துவிட்டது என்று இங்கே கேலி. எதைப் போடட்டும், சொல்.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. இனிமேல் அந்தக் கம்பெனியின் பேரை எனக்கு எழுதாதே. எந்தக் கம்பெனி என்று கேட்காதே, உனக்கே தெரியும். வீட்டு முகவரிக்கு அனுப்பினாயே, அந்த மட்டும் புண்ணியம். ஆபீசுக்கு வரும் தபாலைப் பிரித்துத்தான் தருகிறார்கள். போன் எல்லாம் பதிவாகிறது.

பணமா, பங்கா என்று என்னைக் கேட்காதே. நான் எதுவும் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை என்பதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். உனக்குப் பல் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

உடன்படிக்கையில் எந்தக் குறையும் இல்லை. எண் பிழை தட்டச்சில் வந்தது, திருத்தியாகிவிட்டது. திருத்திய படியை இத்துடன் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துப்போட்டு இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

நான் எழுதியது மூன்று பக்கம், நீ எழுதியது அரைப் பக்கம். அதிலும் பாதி "ஒன்றும் தெரியாது". சின்ன வயதில் ஒரு வாக்கியத்தில் ஒன்பது கமா போடுவாய் என்று அப்பா உனக்குக் 'கமா' என்றே பெயர் வைத்தார். இந்தக் கடிதத்தில் முற்றுப்புள்ளியாக இருக்கிறது. எழுத்து வேறு நடுங்கியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

புதுப் படியையும் முழுக்கப் படித்தேன். ஆறு இருந்த இடத்தில் ஐந்து என்று இருக்கிறது. எண்ணைத் திருத்தியிருக்கிறாய். முட்டை மட்டும் இன்னும் வரவில்லை. இதற்கு மேல் கேட்டால் "உனக்குப் புரியாது" என்பாய். கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

படிவத்துக்கு நீ வழி சொல்லாததால், சொல்கிறவரைக் கேட்டேன். 'பணம்' என்று ஒரு சீட்டு, 'பங்கு' என்று ஒரு சீட்டு எழுதி, ஒரே மாதிரி மடித்து, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டுக் கண்ணை மூடி எடுத்தேன். பங்கு என்று காட்டினார். டிக் போட்டு அனுப்பியாகிவிட்டது. பல் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

கடிதத்தை எரிக்கச் சொன்னாய். நான் எதையும் எரிப்பவள் இல்லை. பால் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் அந்தந்தத் தேதிப் பக்கத்தில் என் நோட்டில் ஒட்டுகிறவள் என்று உனக்குத் தெரியாதா? உன் கடிதமும் ஒட்டியாகிவிட்டது. பழைய உடன்படிக்கை, புதுசின் நகல், உனக்கு நான் எழுதுவதன் நகல், எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். இதை ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதப் பயமாக இருக்கிறது.

பேப்பரில் பார்த்திருப்பாய். எங்கள் கம்பெனி அந்தக் கம்பெனியை வாங்குவதை ஏப்ரல் 15 அன்று அறிவித்தார்கள். பங்கு விலை ஒரே வாரத்தில் மூன்று மடங்கு. அதற்கு அடுத்த வாரம் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். கடைசி இரண்டு மாதத்தில் அந்தப் பங்குகளைப் பெற்றவர்கள் பட்டியலைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் பதினேழாவது பெயர் நீ. கூட்டுப் பெயர் நான்.

என் மேஜை டிராயருக்கு அரக்கு வைத்துவிட்டார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். தினமும் வேலைக்குப் போகிறேன், அரக்கு வைத்த மேஜை முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்தால் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறார். அவர் போட்டிருப்பது கயிறில்லாத ஷூ.

விசாரிக்கிற அதிகாரி ஒரு அம்மா. குரலை உயர்த்துவதே இல்லை. என் குப்பைக்கூடையை இழுத்து வைத்துப் பென்சில் சீவிக்கொண்டே கேட்கிறார்.

"இந்த வரையறைய எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"நல்லா எழுதியிருக்கீங்க. அஞ்சு வகை. பங்கா மாறுற கடன் பத்திரம் மட்டும் இல்ல."

"அப்போ தோணல மேடம்."

"உங்க பேருல ஒண்ணு இருக்கே. அப்பவும் தோணலியா?"

அவர் பென்சில் முனையை ஊதிவிட்டு, "சரி, உங்க அக்காவையும் பார்க்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

அக்கா, நன்றாகக் கேள். உடன்படிக்கைப்படி அது தடைப் பத்திரமே இல்லை. அதனால் நீ அனுமதி கேட்க வேண்டியதில்லை, நீ செய்தது குற்றமில்லை. நான் மறந்தது மறதி, அதுவும் குற்றமில்லை. இந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் நாம் இருவரும் வெளியே வர முடியும். ஆனால் மார்ச் 12-க்கு முன்பே நீ அதைச் சுட்டிக்காட்டினாய், நான் எண்ணை மட்டும் திருத்தினேன் என்று தெரிந்தால், அது மறதியாக இருக்காது. உன் மூன்றாம் தேதிக் கடிதத்தின் நகல், என் ஒன்பதாம் தேதிக் கடிதம், பழைய படி, இந்த மூன்றும் இல்லாமல் போக வேண்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

*

மே 4

தம்பிக்கு,

உன் கடிதமும் அந்த அலுவலகத்துக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. மே 18, காலை பத்து மணி, நான்காவது மாடி. "தங்கள் சகோதரருடன் நடந்த கடிதப் போக்குவரத்து அனைத்தையும்" கொண்டுவர வேண்டுமாம். அனைத்தையும் என்ற சொல்லுக்கு அடியில் கோடு.

அன்றிலிருந்து வீட்டில் வாசல் மணி அடித்தால் அடுப்படியில் கரண்டி கை நழுவுகிறது. நேற்றுக் காஸ் சிலிண்டர்க்காரர் வந்து, "அம்மா, ஒரு கையெழுத்து" என்றார். என் பெயரை எழுத வரவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மறந்துடுச்சா?" என்று சிரித்தார். உன் அத்தான் வந்து போட்டார். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஜெயில்ல உன் கணக்கு நோட்டுக்குப் பேனா தருவாங்களான்னு கேட்டு வச்சுக்க" என்றார். பிறகு தானே போய்ப் பாத்திரம் கழுவினார். முப்பது வருஷத்தில் இல்லாத வழக்கம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். உரித்தால் பக்கம் கிழிகிறது. பக்கத்தைக் கிழித்தால் தையலில் அதற்குச் சோடியான பக்கமும் கழன்று வருகிறது. அதில் நான் எழுதியிருப்பதும் போய்விடும். பொய்க்கு இடம் விட்டு நான் நோட்டுப் போடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கும் உனக்கும் நடுவில், வேறு யாரும் இல்லாமல் கேட்கிறேன். அந்த ஐந்தாவதை நீ மறந்தாயா, விட்டாயா? மறந்தவனுக்கு எண் ஐந்தோடு நின்றிருக்கும். உனக்கு ஆறு வரை போயிருக்கிறது. நான் எட்டாவதுதான் படித்தேன், ஆனால் ஆறுக்கு முன்னால் ஐந்து இருந்திருக்க வேண்டும் என்பது தெரியும்.

பதில் எழுது. பொய் எழுதுவதானால் எழுதாதே.

அக்கா

*

மே 9

அக்கா,

விட்டேன்.

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆயிற்று.

முதல் படியில் ஆறு வகை எழுதினேன். ஐந்தாவதை எழுதும்போதே நம் பத்திரம் கண் முன்னால் வந்தது. அது பட்டியலில் இருந்தால் நீ அனுமதி கேட்பாய். நீ கேட்காமல் இருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனி பூட்டிய பட்டியலில் இருப்பதால், கேட்டால் எங்கள் பிரிவு மறுக்கும். பணமும் கிடையாது, பங்கும் கிடையாது, தடை நீங்கும்வரை பத்திரம் அப்படியே முடங்கிவிடும். ஆறு மாதமோ, ஒரு வருஷமோ. அதற்கு முந்தின வாரம்தான் போனில் நீ ஒரு பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தாய். "வலியா?" என்று கேட்டேன். "பழகிப்போச்சுடா" என்று சொன்னாய். நான் எரிச்சலில் போனை வைத்தேன். உன்மேல் இல்லை அந்த எரிச்சல்.

ஐந்தாவதை அழித்தேன். எண்ணை மாற்ற மறந்தேன். கூட்டத்துக்கு முன்பே உன் கடிதம் வந்தது. சேர்க்க மூன்று நாள் இருந்தது. சேர்த்திருக்கலாம். எண்ணை மட்டும் மாற்றினேன்.

நீ பணமாகத்தான் வாங்குவாய் என்று நினைத்தேன், அக்கா. எப்போதும் கையில் வருவதைத்தானே நீ நம்புவாய். பணமாக வாங்கியிருந்தால் எந்தப் பட்டியலிலும் நம் பெயர் வந்திருக்காது, எவர் குடியும் கெட்டிருக்காது. உன் சாமி பங்கு என்று எடுத்துக் கொடுப்பார் என்று நான் கண்டேனா? "எந்தத் தகவலின்பேரில் மாற்றினீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டால் நீ சீட்டுக் குலுக்கியதைச் சொல்வாய். யார் நம்புவார்கள்? உனக்காகப் பயப்படுகிறேன். பொய் சொல்லத் தெரியாதவளை அந்த அம்மா முன்னால் உட்கார வைக்கிறேனே என்று பயப்படுகிறேன்.

கிழிப்பதும் கிழிக்காததும் உன் இஷ்டம். இனிமேல் கேட்க எனக்கு முகமில்லை.

தம்பி

*

மே 12

கமா,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் எழுத்து நேராகத்தான் இருக்கும்.

பொய் சொல்லத் தெரியாதவள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. தையலில் சோடிப் பக்கம் என்று எழுதினேன் அல்லவா, அது மார்ச் 16-ஆம் தேதிப் பக்கம். அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை. இப்போது அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"காலை. படிவத்துக்குச் சீட்டுப் போட்டேன். பணம். மனசு சரிப்படவில்லை. மறுபடி போட்டேன். பணம். மூன்றாம் முறை, பங்கு. சாமி மன்னிக்கணும்."

கடவுள் இரண்டு தரம் பணம் என்றுதான் சொன்னார். நீ நினைத்ததைத்தான் அவரும் சொன்னார். கேட்காமல் போனது நான்.

ஏன் தெரியுமா? உன் அரைப் பக்கக் கடிதம்தான். அந்தப் பேரை எழுதாதே என்றாயே, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றுமில்லாத கம்பெனிக்கு நீ இப்படிப் பயப்பட மாட்டாய். அங்கே என்னவோ பெரிசாக நடக்கப் போகிறது, பங்காக வைத்தால் பல்லும் கட்டலாம், ஒழுகுகிற கூரையும் போடலாம் என்று ஒரு ஆசை. அதைத் தரையைத் துடைத்துக்கொண்டே நினைத்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சாமி முன்னால் உட்கார்ந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. உன் பயத்தைப் படித்துத்தான் நான் டிக் போட்டேன் என்பதும் உண்மை. எந்தத் தகவலின்பேரில் என்று அந்த அம்மா கேட்டால், அதுதான் தகவல்.

அதற்குப் பிறகு உனக்கு "பங்கு என்று காட்டினார்" என்று எழுதினேன். கடவுளின் பெயரில் பொய். அன்றிலிருந்து ஒருநாள்கூடப் பிரார்த்தனையில் வாய் திறக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். உன் அத்தானுக்குக்கூட இந்த ஒன்றை நேற்றுத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பங்குங்கள வித்துட்டியா?" என்றார். "தொடலங்க, அப்படியே இருக்கு" என்றேன். "அப்ப திருப்பிக் குடுத்துடலாம்னு சொல்லு. பல்லு எங்க போயிடப் போவுது" என்றார்.

பயமாக இருக்கிறது, தம்பி. அந்த நான்காவது மாடி எப்படியிருக்கும், ஜன்னல் இருக்குமா, போனவர்களை அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்களா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு போகத்தான் போகிறேன். பதினாறாம் தேதிப் பக்கத்தைக் காட்டாமல் என்னால் இருக்க முடியாது. அதைக் காட்டத் திறந்தால் உன் ஒன்பதாம் தேதியும் திறக்கும். இரண்டும் ஒரே காகிதம். உன்னை விட்டுவிட்டு என்னை மட்டும் சொல்ல எத்தனையோ வழி யோசித்தேன். காகிதம் இடம் கொடுக்கவில்லை.

அதனால் முன்கூட்டியே உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கேட்டுச் சொல்வதைவிட, நீயே சொன்னதாக இருக்கட்டும். பதினெட்டாம் தேதி ஒன்பதரை மணிக்கு அந்தக் கட்டடத்து வாசலில் இருப்பேன். பச்சைப் புடவை. நீ வந்தால் சேர்ந்து மேலே போவோம். வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் வா.

அக்கா

*

மே 15

அக்கா,

வருகிறேன்.

முதல் படி என்னிடம் இருக்கிறது. ஐந்தாவதை அழிக்கும் முன்பே ஒரு அச்சுப் பிரதி எடுத்து, வீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உன் தம்பிதானே, காகிதத்தைத் தூக்கிப்போடக் கை வரவில்லை போலிருக்கிறது. யாரும் படிக்காத அந்த வரியை நீயாவது படிக்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

"ஐந்து: எந்தப் பெயரில் வழங்கப்பட்டிருந்தாலும், வைத்திருப்பவரின் விருப்பத்தாலோ, தேதி வருவதாலோ, வேறு எவ்வாறோ, பின்னர் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரம் எதுவும்."

கமா எத்தனை என்று எண்ணிக்கொள். நல்ல வரி அக்கா. நான் எழுதியதிலேயே நல்ல வரி.

அந்தப் பென்சில் சீவுகிற சத்தம் காதிலேயே இருக்கிறது. இருந்தாலும் ஒன்பதரைக்கு நிற்பேன்.

இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. பஸ்ஸில் வரும்போது நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்து வா. பசை ஈரத்தில் விட்டுவிடும்.

தம்பி